பிடிபட்ட பையன்களின் மனசு: கூர்நோக்கு இல்லத்தில் கற்றுக்கொண்டவை

சில வருடம் ஒரு தனியார் பள்ளியில் மனநல ஆலோசகராக இருந்தேன். இப்போது ஒரு தொண்டு நிறுவனம் வழியாக, வழக்கில் பிடிபட்ட சிறுவர்களை விசாரணை முடியும்வரை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லம் ஒன்றுக்கு ஆற்றுப்படுத்துநராகப் போய்வருகிறேன். இரண்டு இடத்திலும் எதிரே உட்காருவது பதினாலு முதல் பதினெட்டுக்குள் இருக்கும் பையன்கள்தான். அதனாலேயே, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பந்தியில்கூட ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும்: "அந்தப் பசங்களுக்கெல்லாம் பொறப்புலயே மூளை அப்படித்தானா?" சமூகப் பணி படித்துவிட்டுப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் நேர் எதிராகச் சொல்வார்கள்: "எல்லாம் வறுமைதான் மேடம், மனசுல ஒரு கோளாறும் இல்ல."

இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. கோளாறு இருக்கிறது, கூடுதலாகவே இருக்கிறது. ஆனால் அவற்றில் முக்கால்வாசி, பள்ளிக்கூடத்தில் நான் ஏற்கெனவே பார்த்த அதே கோளாறுகள். அங்கே அது அழுகையாகவோ மார்க் குறைவதாகவோ தெரிந்தது. அம்மா கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். இங்கே அது அடிதடியாகத் தெரிந்தது, போலீஸ் கூட்டிவந்தது.

இதில் வரும் பையன்களின் விவரங்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். வழக்கில் சிக்கிய சிறாரின் பெயர், படம், பள்ளி எதையும் வெளியிடக் கூடாது என்று இளஞ்சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 74-ஆம் பிரிவு சொல்கிறது. வாட்ஸ்அப்பில் "செயின் பறித்த சிறுவன்" என்று முகம் தெரியப் படம் அனுப்புகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

எண்களை முதலில் பார்த்துவிடலாம். 2020-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, 19 நாடுகளில் காவலில் இருந்த 32,787 வளரிளம் பருவத்தினரைப் பற்றிய 47 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டது. ஆண் பிள்ளைகளில் 10.1 சதவீதம் பேருக்குக் கடும் மனச்சோர்வு, 17.3 சதவீதம் பேருக்கு ஏடிஹெச்டி (கவனம் நிலைக்காமை, அடங்காத துறுதுறுப்பு), 8.6 சதவீதம் பேருக்கு பிடிஎஸ்டி (கடும் அதிர்ச்சிக்குப் பின் விடாமல் தொடரும் பாதிப்பு), 2.7 சதவீதம் பேருக்கு சைக்கோசிஸ் (நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோகும் நிலை). பெண் பிள்ளைகளில் மனச்சோர்வு 25.8 சதவீதம், பிடிஎஸ்டி 18.2 சதவீதம். நம் நாட்டில் 2015–16-இல் எடுத்த தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதினரிடம் எல்லா மனநலக் கோளாறுகளையும் சேர்த்தே 7.3 சதவீதம் என்றது. இரண்டும் வெவ்வேறு முறையில் எடுத்த கணக்கு; ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்க்கக் கூடாது. அப்படியும் இடைவெளி பெரிது என்பது தெரிகிறது. பத்துப் பையன்களில் ஒன்பது பேருக்குக் கடும் மனச்சோர்வு இல்லை என்பதும் அதே எண்ணில்தான் இருக்கிறது. இதை யாரும் கவனிப்பதில்லை.

அதே ஆய்வில் இன்னோர் எண் உண்டு. ஆண் பிள்ளைகளில் 61.7 சதவீதம் பேருக்கு 'நடத்தைக் கோளாறு'. மேடைப் பேச்சுக்கு ரொம்ப வசதியான எண் இது. ஆனால் நடத்தைக் கோளாறு என்று எழுத டாக்டர் எதைப் பார்க்கிறார்? திருட்டு, அடிதடி, பொருளை உடைப்பது, பள்ளிக்கு மட்டம் போடுவது, வீட்டைவிட்டு ஓடுவது. திருட்டு கேஸில் வந்த பையனிடம் திருடும் பழக்கம் இருப்பதைக் கண்டுபிடிக்க மனநல மருத்துவம் எதற்கு? ஃபைலில் அந்த ஒரு வார்த்தை மட்டும் எழுதியிருந்தால், யாரும் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன். அதற்கு அடியில் வேறென்ன இருக்கிறது என்பதுதான் வேலை.

ஒப்பிடும்போது 'மற்ற பிள்ளைகள்' என்று சொல்கிறோமே, அவர்கள் எல்லாம் தப்பே செய்யாதவர்களா? நான் இருந்த பள்ளியில் சக மாணவனின் செல்போனைத் திருடி விற்றவன் உண்டு. காம்பஸ் முனையால் குத்தியவன் உண்டு. ஸ்கூல் பஸ்ஸின் பின்சீட்டில் போதை மாத்திரை கைமாறியதும் உண்டு. எல்லாம் பிரின்சிபல் அறைக்குள்ளேயே முடிந்துவிட்டது. அப்பா வந்தார், மன்னிப்புக் கடிதம் எழுதினார், போனுக்குப் பணம் கொடுத்தார். எஃப்ஐஆர் இல்லை. அதில் ஒரு பையன் இன்று நல்ல கல்லூரியில் இன்ஜினியரிங் படிக்கிறான். டெர்ரி மொஃபிட் என்ற உளவியலாளர் 1993-இலேயே இதைப் பிரித்துச் சொன்னார்: விடலைப் பருவத்தில் விதியை மீறிவிட்டு வயது ஏறியதும் தானாக விட்டுவிடுகிறவர்கள் ஏராளம்; சின்ன வயதிலேயே தொடங்கி, வளர்ந்த பிறகும் விடாதவர்கள் கொஞ்சம் பேர். இல்லத்தின் ஒரே ஹாலில் இந்த இரண்டு வகையும் பாய் போட்டுப் படுத்திருக்கும். பார்த்த மாத்திரத்தில் யார் எந்த வகை என்று சொல்லிவிட முடியாது. சொல்லிவிடுவேன் என்கிற அதிகாரிகளை எனக்குத் தெரியும்; அவர்கள் தேர்வு எப்போதும் தலைமுடியையும் டாட்டூவையும் வைத்துத்தான்.

இனி அந்தப் பையன்கள்.

பைக் திருட்டு கேஸில் வந்தவன், பதினாறு வயது. கேரம் ஆடும்போது யாராவது பின்னால் வந்து நின்றால் ஸ்ட்ரைக்கரைத் தூக்கி எறிந்துவிட்டு எழுந்துவிடுவான். இரண்டு தடவை கைகலப்பு. பகலில் வகுப்பு நேரத்தில் தூங்குகிறான், எழுப்பினால் கெட்ட வார்த்தை. ரிஜிஸ்டரில் 'கீழ்ப்படியாதவன்' என்று எழுதியிருந்தார்கள். என்னிடம் வந்து உட்கார்ந்ததும் நாற்காலியைச் சுவரோடு ஒட்டி நகர்த்தினான். வெளியே இரும்புக் கேட்டின் தாழ்ப்பாள் சத்தம் கேட்கும்போதெல்லாம் பேச்சு நின்றுவிடும். கண் கதவுக்குப் போய்விட்டுத் திரும்பும்.

கேஸைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. "நைட்டு எத்தனை மணிக்குத் தூங்குவ?" என்று கேட்டேன்.

"தூங்க மாட்டேன் மிஸ்."

"வீட்டுல?"

"வீட்டுலயும்தான். அவரு வர்ற வரைக்கும் முழிச்சிருக்கணும். வந்து அம்மாவ அடிப்பாரு. நான் முழிச்சிருந்தா கொஞ்சமாத்தான் அடிப்பாரு."

எட்டு வயதிலிருந்து இது நடக்கிறது. இரவு முழுக்கக் காவல், காலையில் பள்ளியில் தூக்கம், வாத்தியாரின் அடி, ஒன்பதாவதோடு படிப்பு நின்றது. ராத்திரி விழித்திருப்பவனுக்கு ராத்திரி விழித்திருக்கிறவர்கள்தான் சிநேகிதம். பைக் அப்புறம் வந்தது.

பள்ளியில் இதே வயதுப் பையன் ஒருவன் என்னிடம் வந்தான். குடும்பத்தோடு காரில் போகும்போது விபத்து, தாத்தா அந்த இடத்திலேயே இறந்துபோனார். அதன்பின் ஹாரன் சத்தம் கேட்டாலே திடுக்கிடுவான், தூக்கம் இல்லை, தங்கையைக் காரணமில்லாமல் அடித்தான். ஒரே மாதத்தில் மனநல மருத்துவரிடம் போயாகிவிட்டது. பள்ளி அவனுக்குப் பரிட்சையில் கூடுதல் நேரம் கொடுத்தது, வகுப்பாசிரியர் வீட்டுக்கே போய்ப் பார்த்தார். இருவருக்கும் இருந்தது ஒன்றேதான்: ஆபத்து முடிந்த பிறகும் முடியாததுபோல உடம்பு காவல் காப்பது. இல்லத்துப் பையன் விஷயத்தில் ஆபத்து உண்மையிலேயே முடியவும் இல்லை. வீட்டுக்குப் போனால் அதே அப்பா இருப்பார்.

சிகாகோவில் காவலில் இருந்த சிறாரை வைத்துச் செய்த ஒரு பெரிய ஆய்வில், 92.5 சதவீதம் பேர் வாழ்க்கையில் ஒருமுறையாவது கடும் அதிர்ச்சி தரும் சம்பவத்தைச் சந்தித்தவர்கள் என்று 2004-இல் எழுதினார்கள். முந்தைய ஓராண்டில் பிடிஎஸ்டி என்று சொல்லத்தக்க நிலையில் இருந்தவர்கள் 11.2 சதவீதம். அடிபட்டவர்கள் எல்லாரும் நோயாளி ஆகிவிடுவதில்லை என்பதையும் இது காட்டுகிறது. தாங்கிக்கொண்டவர்களை எது தாங்கியது என்று நான் எப்போதும் விசாரிப்பேன். பெரும்பாலும் ஒரு பாட்டியோ, ஒரு அத்தையோ, மெக்கானிக் ஷெட் முதலாளியோ வருவார்கள். அந்தப் பெயரை உடனே குறித்துக்கொள்வேன். பெயிலுக்கு அப்புறம் அவர்தான் தேவைப்படுவார்.

மனச்சோர்வும் இங்கே சோகமாக வருவதில்லை. எரிச்சலாக வரும். 'கெத்து' காட்ட வேண்டிய இடத்தில் அழ முடியுமா? அழுதால் அன்று ராத்திரியே மற்றவர்கள் கிண்டல். அதனால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளுவது, "எதுக்கு மிஸ் இதெல்லாம்" என்று எல்லாவற்றையும் தட்டிக்கழிப்பது, கை கழுவும் இடத்தில் சும்மா ஒருத்தனை வம்புக்கு இழுப்பது என்று வெளியே வரும். வளரிளம் பருவத்தில் மனச்சோர்வை அறிய எரிச்சலையே ஓர் அறிகுறியாக எடுத்துக்கொள்ளலாம் என்று மருத்துவப் புத்தகமே சொல்கிறது. வார்டன்களுக்கு இந்த ஒன்றைச் சொல்லிக் கொடுத்ததில் கிடைத்த பலன் வேறெந்தப் பயிற்சியிலும் கிடைக்கவில்லை.

ஏடிஹெச்டி பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைத்தான் நாம் அதிகம் தவறவிடுகிறோம். பள்ளியில் இப்படி ஒரு பையன் இருந்தால் மூன்றாம் வகுப்பிலேயே டீச்சர் டைரியில் எழுதி அனுப்புவார். வீட்டில் வசதி இருந்தால் தெரபி, மாத்திரை. வசதி இல்லாத இடத்தில் அவன் 'வாலு', கடைசி பெஞ்ச், முட்டி. எட்டாவது வரை எல்லாரும் பாஸ் என்பதால் எப்படியோ நகர்ந்துவிடுவான். ஒன்பதாவதில் மாட்டிக்கொள்வான். இல்லத்தில் என்னிடம் வருகிறவர்களில் ஒன்பதாவதில் நின்றவர்கள் அவ்வளவு பேர். செல் பறிப்பு கேஸ்களைக் கேட்டுப் பாருங்கள், திட்டம் என்று ஒன்றுமே இருக்காது. "பைக்ல போனோம், அக்கா போன் பேசிட்டு நின்னுச்சு, கை போயிடுச்சு." யோசிப்பதற்கும் செய்வதற்கும் நடுவில் மற்றவர்களுக்கு இருக்கும் அந்த ஒரு நொடி இவனுக்கு இல்லை. குற்றத்துக்கு இது சாக்கு அல்ல. அந்த நொடியை மருந்தாலும் பயிற்சியாலும் கொஞ்சம் நீட்ட முடியும் என்பதால்தான் சொல்கிறேன்.

கற்றல் குறைபாடும் அறிவுத்திறன் குறைபாடும் இன்னும் ஆபத்து. ஒரு பையன் நான் கேட்ட எல்லாவற்றுக்கும் "ஆமா மிஸ்" என்றான். "நேத்து மழை பெய்ஞ்சுதா?" ஆமா. "வெயிலா?" ஆமா. இவன்தான் விசாரணையிலும் எல்லாவற்றுக்கும் ஆமா சொல்லியிருப்பான். அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம்: எதை விளக்கினாலும் "புரிஞ்சுதா?" என்று கேட்பதில்லை. "நான் சொன்னத உங்க அம்மாகிட்ட எப்படிச் சொல்லுவ, சொல்லு" என்பேன். வக்கீல்களும் நன்னடத்தை அலுவலர்களும் இதையே செய்யலாம், செலவில்லாத சோதனை. கூடவே, தலையில் அடிபட்டு மயங்கியது உண்டா, வலிப்பு வந்ததா என்றும் கேளுங்கள். வழக்கில் சிக்கும் இளைஞர்களிடம் தலைக்காயம் கூடுதலாகக் காணப்படுவதைப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. நம் ஊரில் ஹெல்மெட் இல்லாத பைக், மாடியிலிருந்து விழுந்தது, அப்பாவின் கட்டை என்று வரிசையாக வரும். யாரும் கேட்காததால் அவர்களும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

போதையைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. பஞ்சர் சொல்யூஷன், கூல் லிப், கஞ்சா, வலி மாத்திரை எல்லாம் செய்தித்தாளில் வருகிறதுதான். மனநல மதிப்பீடு செய்கிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. உள்ளே வந்த முதல் வாரத்தில் பையன் கை நடுங்கி, வியர்த்து, யார் மீதும் பாய்ந்தால் அது போதைப்பொருள் நின்றதன் விளைவாக இருக்கலாம். அதை அவன் குணம் என்று எழுதிவிடாதீர்கள். முதலில் டாக்டர், பிறகு கேள்வித்தாள்.

மதிப்பீட்டில் ஒன்று ரொம்பக் கனமானது. 16 வயது முடிந்தவர் கொடுங்குற்ற வழக்கில், அதாவது குறைந்தபட்சத் தண்டனையே ஏழு வருடமோ அதற்கு மேலோ என்கிற வழக்கில் வந்தால், அதே இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளஞ்சிறார் நீதிக் குழுமம் முதற்கட்ட மதிப்பீடு செய்யும். பெரியவர்போல விசாரிக்கலாமா என்பதற்கு அதுதான் முதல் படி. பையனின் மன, உடல் திறன், விளைவைப் புரிந்துகொள்ளும் சக்தி, குற்றம் நடந்த சூழல் மூன்றையும் பார்க்க வேண்டும். குழும உறுப்பினர் எவருக்கும் குழந்தை உளவியல் அல்லது மனநல மருத்துவப் படிப்பு இல்லையென்றால் நிபுணர் உதவியைக் கட்டாயம் பெற வேண்டும் என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதற்குப் போகிற இளம் உளவியலாளர்கள் ஐக்யூ எண் ஒன்றை எழுதிவிட்டு வருகிறார்கள். 'கத்தியால் குத்தினால் சாவார்' என்று தெரிந்திருப்பதும், பத்துப் பேர் சேர்ந்து உசுப்பேற்றும்போது கையை நிறுத்த முடிவதும் வேறு வேறு. இரண்டாவதைத்தான் அறிக்கையில் விளக்க வேண்டும்.

பெற்றோரிடம் வருகிறேன். இல்லத்து வாசலில் பாதி அம்மாக்கள் அழுவார்கள். மீதிப் பேர் "இவன் எனக்குப் பொறக்கவே இல்லைன்னு எழுதிக்குங்க" என்பார்கள். பையன் காதில் விழுகிற மாதிரி சொல்வார்கள். அன்று ராத்திரி நான் வார்டனிடம் அவனை இரண்டு மடங்கு கவனிக்கச் சொல்வேன். உள்ளே வந்த முதல் சில ராத்திரிகளும், பெயில் கிடைக்காத நாளும், யாரும் மனு போட்டுப் பார்க்க வராத நாளும்தான் அபாயமானவை. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்டுவிட வேண்டும். கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. "செத்துடலாம்னு தோணுதாடா?" என்று கேட்டதும் தோள் இறங்கி, பெரிய மூச்சு விட்ட பையன்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்றை முன்பே சொல்லிவிடுவேன்: "நீ சொல்றத யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உன் உயிருக்கோ வேற ஒருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா மட்டும் சொல்லுவேன்." ரகசியம் காப்பேன் என்று முழுசாக வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு மீறினால், அடுத்த பத்துப் பையன்கள் வாயே திறக்க மாட்டார்கள்.

பெயிலைப் பற்றி ஒரு தப்பான எண்ணம் ஊரில் உலவுகிறது: "கொஞ்ச நாள் உள்ள இருந்தாத்தான் திருந்துவான்." பெற்றோரே ஜாமீன் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். 12-ஆம் பிரிவின்படி சிறாருக்கு பெயில்தான் விதி. வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து, அல்லது நீதியின் நோக்கம் கெடும் என்று நம்பக் காரணம் இருந்தால்தான் மறுக்கலாம். மனச்சோர்வோ பிடிஎஸ்டியோ இருக்கிற பையனை உள்ளே வைத்தால் கூடத்தான் செய்யும். இல்லங்கள் எப்படி இருக்கக் கூடாது என்பதற்கு, 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு இல்லத்தில் ஒரு சிறுவன் இறந்ததும், அதையடுத்து ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை அரசு ஒருநபர் குழுவாக நியமித்ததும் போதும். வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தரும். 15100-க்குப் போன் செய்யலாம்.

ஆசிரியர்களிடம் கேட்பது இதுதான். டிசியைக் கிழித்துக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை அவன் அட்டெண்டன்ஸைத் திருப்பிப் பாருங்கள். திங்கட்கிழமைகளில் மட்டும் லீவா? வகுப்பில் தூங்குகிறானா? எந்த மாதத்திலிருந்து மார்க் சரிந்தது, அந்த மாதம் வீட்டில் என்ன நடந்தது? ஒரு மாணவனை மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்ப ஒரு சீட்டு போதும், அங்கே பணம் வாங்குவதில்லை. உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, தமிழிலும் எடுப்பார்கள். வீட்டில் அடி, கொடுமை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. கேஸ் ஆன பையனைப் பள்ளியில் மறுபடி சேர்க்க மறுக்கும் தலைமையாசிரியர்களிடம் 24-ஆம் பிரிவைக் காட்டுவேன்: சிறார் வழக்கில் தீர்ப்பு வந்தாலும் அதனால் எந்தத் தகுதிக்குறைவும் ஒட்டிக்கொள்ளாது. பெரியவராக விசாரிக்கப்பட்டுக் குற்றம் நிரூபிக்கப்பட்டவர்கள் மட்டும் விதிவிலக்கு.

வெளியே போகும் நாளன்று அம்மாவிடம் ஒரே ஒரு தாள் கொடுத்தனுப்புவேன். மாத்திரையின் பெயர், எந்த நேரத்தில் போட வேண்டும், எந்த மருத்துவமனையில் என்றைக்குப் போய் மறுபடி வாங்க வேண்டும். கீழே அந்தப் பாட்டியின் அல்லது ஷெட் முதலாளியின் போன் நம்பர். இல்லத்தில் ஆரம்பித்த மாத்திரை வெளியே போனதும் நின்றுவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. "நல்லாயிட்டான், எதுக்கு இனிமே" என்று வீட்டிலேயே முடிவுசெய்துவிடுவார்கள். அதனால் மூன்றாவது வாரத்தில் நானே போன் செய்கிறேன். பையன் எடுத்தால் கேஸைப் பற்றியோ மாத்திரையைப் பற்றியோ ஆரம்பிப்பதில்லை. நேற்று ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தான் என்பதுதான் முதல் கேள்வி.